மணிக்கட்டில் மூன்று விரல்: மரக்காணம் உப்பளத்தில் சுற்றும் ஒரு துண்டறிக்கையைப் படித்தல்

மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களின் போனில் ஒரு துண்டறிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் நான்கு பக்கமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. சீன மருத்துவ முறைப்படி உடம்பில் ஐந்து இடங்களை நாமே அழுத்திக்கொண்டால் இதயம் பலப்படும், படபடப்பு அடங்கும், மாரடைப்பு வராது என்பது அதன் சாரம். கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: நெஞ்சுவலி வந்த நேரத்திலும் பதறாமல் இந்தப் புள்ளிகளை அழுத்தினால் போதுமாம்.

‘இதுக்கெல்லாமா விமர்சனம் எழுதுவ? கிழிச்சுப் போட்டுட்டுப் போ’ என்றார் நண்பர் ஒருவர். நான் அப்படி நினைக்கவில்லை. கவிதைத் தொகுப்பை நூறு பேர் படிக்கிறார்கள் என்றால், இந்த மாதிரித் துண்டறிக்கையை ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். படிப்பதோடு விடாமல் அதில் சொன்னபடி கையையும் வைக்கிறார்கள். உடம்பால் படிக்கப்படுகிற பிரதி அது. எங்கிருந்து எடுத்தது, எதை விட்டது, எந்த இடத்தில் வாசகரைக் கைவிடுகிறது என்று ஒரு நாவலைக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம். கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி.

ஐந்து புள்ளிகள், இரண்டு வம்சாவளிகள்

முதலில் அந்த ஐந்து இடங்கள்.

ஒன்று, நெய்குவான். உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். சீன முறையில் இது இதயவுறைத் தடத்தின் 6வது புள்ளி. இரண்டு, ஷென்மென். மணிக்கட்டு ரேகையிலேயே, சுண்டுவிரல் பக்கமாக. இதயத் தடத்தின் 7வது புள்ளி. மூன்று, ஜிச்சுவான். அக்குளின் மையம். இதயத் தடம் தொடங்கும் இடம். நான்கு, டான்ஜோங். நடுநெஞ்சில், மார்பெலும்பின் மேல், இரண்டு முலைக்காம்புகளையும் சேர்த்துக் கோடு போட்டால் அதன் நடுப்பகுதி. ஐந்தாவதாக இடது உள்ளங்கையில் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் ‘இதயப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறது.

முதல் நான்கும் சீன மருத்துவ நூல்களில் உள்ளவைதான், இடமும் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்கு எழுதியவர் பொறுப்போடு இருந்திருக்கிறார். ஐந்தாவதில்தான் வண்டி தடம் மாறுகிறது.

சீன முறையில் இதயத்துக்கென்று உள்ளங்கையில் தனி வட்டம் கிடையாது. அங்கே இருப்பது தடங்கள். இதயத் தடம் அக்குளில் ஆரம்பித்துச் சுண்டுவிரல் நுனிவரை 9 புள்ளிகள். இதயவுறைத் தடம் மார்பில் ஆரம்பித்து நடுவிரல் வரை 9 புள்ளிகள். இரண்டு தடங்களும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி ஓடும். இடது கைக்கு மட்டும் இதயம் என்ற பேச்சே அதில் இல்லை.

அப்படியானால் இந்தச் சிவப்பு வட்டம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. கனெக்டிகட் மாநிலத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பை நெடுக்குவாட்டில் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். 1917ல் அதைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமும் போட்டார். 1930களில் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி அந்த யோசனையைப் பாதத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வோர் உறுப்புக்கும் பாதத்தில் ஓர் இடம் குறித்தார். அதுதான் ரிஃப்ளெக்ஸாலஜி. இதயம் இடது பக்கம் இருக்கிறது என்ற நவீன உடற்கூறியல் தெரிந்த ஒருவர்தான் இடது உள்ளங்கையில் மட்டும் வட்டம் போட முடியும். நம்மூர் பொருட்காட்சிகளில் விற்கும் உள்ளங்கைப் படங்கள் இந்த அமெரிக்க வழியில் வந்தவை.

இதைச் சொல்வது பண்டிதத்தனம் காட்டுவதற்காக இல்லை. ‘ஐயாயிரம் வருஷத்துச் சீன ஞானம்’ என்று துண்டறிக்கை ஒரே மூச்சில் சொல்லும் விஷயம் உண்மையில் இரண்டு வேறு கொள்கைகளின் ஒட்டு. ஒரு கொள்கைப்படி இதயத்துக்கான வழி இரண்டு கையிலும் இருக்கிறது, இன்னொன்றின்படி இடது கையில் மட்டும். இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. எழுதியவர் அந்த முரணைக் கவனிக்கவே இல்லை. எங்கே அழுத்தினாலும் நல்லதுதான் என்று அவரே நம்பினால், புள்ளி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

மூலநூல் சொன்னதும் துண்டறிக்கை விட்டதும்

சீன மருத்துவத்தின் அடிப்படை நூல் மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. இன்றைக்குச் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதில் ஊசி மருத்துவத்தைப் பேசும் பகுதி ‘லிங்ஷு’. இதயம் பற்றி அந்தப் பகுதி சொல்லும் இரண்டு செய்திகள் துண்டறிக்கையின் அடிப்படையையே ஆட்டுகின்றன.

முதலாவது: இதயம் உறுப்புகளின் அரசன். நோய் அரசனை நேரடியாகத் தொட விடக்கூடாது, தொட்டால் உயிர் நிற்காது. எனவே இதயத்துக்கு வரும் கேட்டை அதன் காவலனாகிய இதயவுறைதான் வாங்கிக்கொள்கிறது, சிகிச்சையும் அந்தத் தடத்தின் வழியே என்கிறது நூல். நெஞ்சுக் கோளாறுக்கு இதயத் தடத்துப் புள்ளியைவிட இதயவுறைத் தடத்து நெய்குவான் பிரபலமானதன் பின்னணி இதுதான். இன்னொரு தகவலும் உண்டு. 1973ல் மாவாங்துயி என்ற இடத்தில், கி.மு. 168ல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து எடுத்த பட்டுச் சுவடிகளில் தடங்கள் மொத்தம் 11தான். இதயவுறைத் தடம் அந்தக் கணக்கில் இல்லை. பிறகு சேர்ந்தது அது. ஆக, ‘மாறாத பழம் ஞானம்’ என்று சொல்வது அந்த மரபுக்கே நியாயம் செய்வதாகாது. அவர்களும் யோசித்து, சேர்த்து, மாற்றித்தான் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். லிங்ஷு நெஞ்சுவலிகளைப் பல வகையாகப் பிரிக்கிறது. மற்ற உறுப்புகளின் கோளாறால் நெஞ்சில் தெரியும் வலிகளுக்கு எந்தப் புள்ளியில் ஊசி போடுவது என்று சொல்கிறது. கடைசியில் ‘மெய்யான இதயவலி’ என்று ஒன்றைத் தனியாக நிறுத்துகிறது. கைகால் மூட்டுவரை நிறம் மாறி, வலி உச்சத்தில் இருக்கும். காலையில் கண்டவர் மாலைக்குள்ளும், மாலையில் கண்டவர் மறுநாள் காலைக்குள்ளும் போய்விடுவார் என்கிறது. அதற்குப் புள்ளி எதுவும் சொல்லவில்லை.

இன்று மாரடைப்பு என்று நாம் சொல்வதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வர்ணனை இது. அதன் முன்னால் அந்தப் பழைய மருத்துவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். தங்கள் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் துண்டறிக்கைக்கு அது தெரியவில்லை.

‘நம்ம வர்மம்தானே இது?’

துண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி: இந்தக் கலையே தமிழர்களின் வர்மக்கலைதான், போதிதர்மர் கொண்டுபோய்ச் சீனாவுக்குக் கொடுத்தார் என்று. 2011ல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு இந்தப் பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது. போதிதர்மரை மரபு வைக்கும் காலம் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு. தடங்களைப் பற்றிய மாவாங்துயி சுவடிகள் அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை. பிறக்காதவர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. வர்மத்தை உரிமை கொண்டாடுகிற இந்தப் பெட்டி, வர்ம மரபின் குணத்தையே தலைகீழாக்குகிறது. வர்மம் 108 என்றும், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்கு. அடிபட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்துக்குள் இளக்க வேண்டும் என்பதுதான் அந்த நூல்களின் முதல் அக்கறை. காயமும் ஆபத்தும்தான் அதன் தொடக்கம். நெஞ்சுப் பகுதி வர்மங்களை மிக எச்சரிக்கையாகப் பேசும். ஆசான் மாணவனை வருடக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கைமுறை சொல்லிக்கொடுப்பார். ‘யாரும், எப்பவும், எங்கேயும் அழுத்தலாம், பக்க விளைவே இல்லை’ என்று ஓர் ஆசான் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, மூன்று மரபுகளின் பெயரைத் துண்டறிக்கை கடன் வாங்கியிருக்கிறது. மூன்றிலும் இருந்த எச்சரிக்கையை மட்டும் வாங்காமல் விட்டிருக்கிறது.

சோதனைகள் என்ன சொல்கின்றன

நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘எல்லாம் புருடா’ என்று ஒதுக்கிவிட்டால் அதுவும் சோம்பேறித்தனம்தான்.

நெய்குவான் புள்ளி குறித்து நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அதிகச் சான்று இருப்பது இதயத்துக்கு அல்ல, குமட்டலுக்கு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்தி, குமட்டலுக்கு இந்தப் புள்ளியைத் தூண்டுவது பற்றிய 59 சோதனைகளை, 7667 பேரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2015ல் தொகுத்துப் பார்த்தது. போலித் தூண்டுதலைவிடக் குமட்டல் குறைகிறது என்பது முடிவு. கப்பலிலும் பஸ்ஸிலும் வாந்தி வராமலிருக்க விற்கும் மணிக்கட்டுப் பட்டைகள் அழுத்துவதும் இதே இடத்தைத்தான்.

இதயம் தொடர்பாகப் பேசத் தக்க சோதனை ஒன்று 2019ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்தது. சீனாவில் 5 மையங்கள், நாள்பட்ட, நிலையான ஆஞ்சைனா உள்ள 404 பேர், நான்கு குழு. ஒரு குழுவுக்கு நெய்குவானிலும் இதயத் தடத்தின் 5வது புள்ளியிலும் ஊசி. மற்றொரு குழுவுக்கு வேறு தடத்தில் ஊசி. மூன்றாவதற்குப் போலி ஊசி. நான்காவது காத்திருப்புப் பட்டியல். நான்கு வாரத்தில் 12 தடவை. முதல் குழுவுக்கு வலி வரும் தடவைகள் மற்ற மூன்று குழுக்களைவிட அதிகமாகக் குறைந்தன.

துண்டறிக்கைக்காரர் கையில் இது கிடைத்திருந்தால் குதித்திருப்பார். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அங்கே நடந்தது பயிற்சி பெற்றவர் போட்ட ஊசியும் மின்தூண்டலும், கட்டைவிரல் அழுத்தம் அல்ல. வந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவரிடம் போய் நோய் உறுதியானவர்கள், இதய மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இதைச் செய்தவர்கள். சோதிக்கப்பட்டது நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் வலி, ரத்தக்கட்டி அடைத்து வரும் மாரடைப்பு அல்ல. மாத்திரையோடு சேர்த்து ஒரு துணை என்று ஆய்வு சொன்னதை, மாத்திரைக்குப் பதில் என்று படித்தால் அது ஆய்வின் குற்றமில்லை.

தொடுதல் இதயத்தை மாற்றவே மாற்றாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சில வகை வேகத்துடிப்புக்கு மருத்துவர்கள் மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். 2015ல் ‘லான்செட்’ இதழில் வந்த ரிவெர்ட் சோதனையில், முக்கியவுடன் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தபோது 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியானது. பழைய முறையில் 17 சதவீதம்தான். ஊசி இல்லை, மருந்து இல்லை, உடம்பின் நிலைதான் வைத்தியம். ஆனால் எந்த வகைத் துடிப்பு என்று ஈ.சி.ஜி. பார்த்து, கருவி மாட்டியபடியே அதைச் செய்கிறார்கள். எளிய வைத்தியத்துக்கு நவீன மருத்துவம் எதிரி இல்லை. எதற்கு, யாருக்கு, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

‘எனக்கு வேலை செஞ்சுது சார்’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1988ல் வெளிவந்த ஐசிஸ்-2 சோதனை. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததில் முதல் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் 23 சதவீதம் குறைந்தன. கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்தால் 42 சதவீதம். முடிவுகளைச் சின்னச் சின்னப் பிரிவாக உடைத்துக் காட்டச் சொன்னபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை போலத் தெரிந்தது! சின்னக் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் எதுவும் எப்படியும் தெரியும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். ஒருவர் அனுபவம் என்பது ராசிக் கணக்கைவிடவும் சின்னக் கூட்டம்.

உப்பளத்தில் அந்த மூன்று நிமிஷம்

இனி இந்தப் பிரதியை அது படிக்கப்படும் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

உப்பளத்தில் விடியுமுன்னே இறங்கிவிடுகிறார்கள். பாத்தியில் உப்பு வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போட வேண்டும். நிழல் என்பது பேருக்குக்கூடக் கிடையாது. வெள்ளை உப்பும் தேங்கிய தண்ணியும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023ல் வெளியிட்டது. ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பரிந்துரைத்த வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றது அது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

இப்படிப்பட்ட உடம்பில் இதயத்துக்கு என்ன நடக்கும்? சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் அதிகமாகப் போக வேண்டும், சுமை தூக்கும் தசைக்கும் போக வேண்டும். வேர்வையில் தண்ணீர் வெளியேறி ரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே வரும். இதயம் வேகம் கூட்டித்தான் ஈடு கட்டும். படபடப்பு, கண் இருட்டல், நெஞ்சில் ஒரு பிசைவு.

அந்த நேரத்தில் துண்டறிக்கை சொல்கிறது: நிழலான இடத்தில் அமைதியாக உட்காருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், மணிக்கட்டில் மூன்று விரல் தள்ளி மூன்று நிமிடம் அழுத்துங்கள். ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “படபடன்னு வந்துச்சுன்னா போய்க் குந்திக்கினு இத அமுக்குவேன் சார். கொஞ்ச நேரத்துல நின்னுடும். அப்புறம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு எறங்கிடுவேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. நின்றதும் உண்மைதான். ஆனால் சுமையை இறக்கினார், நிழலுக்குப் போனார், உட்கார்ந்தார், மூச்சு விட்டார், தண்ணீர் குடித்தார், மணிக்கட்டையும் அழுத்தினார். ஆறு காரியத்தில் ஒன்றுக்கு மட்டும் பெயர் கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தது காசு செலவில்லாத, முதலாளியிடம் கேட்க வேண்டாத காரியத்துக்கு. நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறையும் கேட்டுப் பெற வேண்டியவை. விரல் சொந்தமாக இருக்கிறது. ‘இதயம் உன் பொறுப்பு’ என்று சொல்லும் எழுத்து, வேலையிடத்தின் பொறுப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. துண்டறிக்கையின் நான்கு பக்கத்தில் வெயில் என்ற சொல்லே இல்லை.

ஆபத்து இதோடு முடியவில்லை. மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் மாதிரி வராது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் குமட்டல், மேல்வயிற்றில் அழுத்தம், அசதி, குப்பென்று வேர்வை என்று வரலாம். நம்மூரில் இதற்கு ஒரே பெயர்: கேஸ். ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணி, கொஞ்சம் பூண்டு. இப்போது நெய்குவானை யோசித்துப் பாருங்கள். அதற்கு மிக நன்றாக நிரூபிக்கப்பட்ட பலனே குமட்டலைக் குறைப்பதுதான். அழுத்தினார், குமட்டல் தணிந்தது, ‘கேஸ்தான், போயிடுச்சு’ என்று மறுபடி பாத்தியில் இறங்கினார் என்றால்? அழுத்தம் பலிக்காமல் போவதைவிட, அரைகுறையாகப் பலிப்பதுதான் இங்கே பயம். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். திண்டிவனமும் கிட்டத்தட்ட அதே தூரம். இந்தத் தூரத்தில் வீணாகும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் விலை உண்டு. விரைவான சிகிச்சை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய இதய மையங்களையும் ஆம்புலன்ஸால் இணைத்துச் செய்த திட்டத்தின் முடிவு 2017ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வந்தது. கடும் மாரடைப்போடு வந்த 2420 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. நூற்றுக்கு மூன்று உயிருக்கு மேல். புது மருந்தால் அல்ல, இருப்பதை வேகமாகக் கொண்டுசேர்த்ததால்.

அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதினால்

இவ்வளவு சொன்ன பிறகும் துண்டறிக்கையைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். அதன் வடிவம் வெற்றி பெற்ற வடிவம். சுருக்கமாக இருக்கிறது, படம் இருக்கிறது, கையில் செய்ய ஒரு வேலை கொடுக்கிறது, படிப்பவரை மதித்துப் பேசுகிறது. சுகாதாரத் துறையின் பல அறிவிப்புப் பலகைகளில் இந்த நான்கும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், போன இடத்தில் ‘ஏம்மா இவ்ளோ லேட்டா வந்த’ என்று திட்டு விழும். துண்டறிக்கை யாரையும் திட்டுவதில்லை. அதனால்தான் அது போனில் இருக்கிறது.

முதல் மூன்று பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கினால் போதும். அமெரிக்க வட்டத்தை எடுத்துவிடலாம், போதிதர்மரை ஓய்வெடுக்க விடலாம். மனம் அலைபாயும்போது, தூக்கம் வராதபோது, பஸ்ஸில் குமட்டும்போது மணிக்கட்டை அழுத்திக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை என்று சொல்லலாம். கூடவே நிழல், தண்ணீர், சேர்ந்து வேலை செய்யும் ஆளின் கண்காணிப்பு.

கடைசிப் பக்கத்தை மட்டும் முழுக்க மாற்ற வேண்டும். நெஞ்சு, தாடை, இடது கை, மேல்வயிறு எங்காவது அழுத்தமோ வலியோ, கூட வேர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், ஓய்வெடுத்தும் போகாவிட்டால், புள்ளி எதையும் தேட வேண்டாம், 108 கூப்பிடுங்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதலுதவி மாத்திரை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரை. மாரடைப்பு என்று சந்தேகித்தால் அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். உப்பளத்துக்குப் பக்கத்து நிலையம் எது, எத்தனை மணிவரை ஆள் இருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் வழியோடு படம் போடலாம். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இதயத்துக்கு நாமே தினமும் செய்துகொள்ளும் வைத்தியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மாத்திரையை விடாமல் போடுவதுதான்.

ஒரு புள்ளியை மட்டும் நான் கட்டாயம் வைத்திருப்பேன். நடுநெஞ்சில் இருக்கும் டான்ஜோங். துண்டறிக்கை அதைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்க்கச் சொல்கிறது. பக்கத்தில் வேலை செய்தவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால், அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி, நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். இதயத்துக்காக மனிதன் கண்டுபிடித்ததில் நிச்சயமாக உயிர் காக்கக்கூடிய அழுத்தம் அது ஒன்றுதான். அதை நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது, பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். சுமை தூக்கிப் பழகிய உப்பளத்துக் கைகளுக்கு அதற்கான பலம் தாராளமாக இருக்கிறது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அளம் முழுக்கத் தண்ணியில் கிடக்கும், வேலை இருக்காது, ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரு பொம்மையை வைத்து அரைநாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். திருத்திய துண்டறிக்கையை அச்சடிக்க யாராவது முன்வந்தால், வாசகம் எழுதித்தர நான் தயார்.